பஞ்சுப் பொதியும் கடன் ஏடும்
அமெரிக்க உழவர் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஜார்ஜ் வாஷிங்டனில் தொடங்கி ஆபிரகாம் லிங்கன் வழியாக வருவதே வழக்கம். ஜனாதிபதிகளின் வரிசையும் யுத்தங்களின் வரிசையும் அதில் நிறைந்திருக்கும். நாம் அவ்வழியே செல்லப் போவதில்லை. பருத்தி விளைவிப்போரும் நூலை நெய்வோரும் அங்கத்தினர்களாயுள்ள இச்சங்கத்தார்க்கு, அந்நாட்டுச் சரித்திரத்தைப் பஞ்சுப் பொதியின் பக்கத்தில் நின்று பார்ப்பதே பொருத்தமாகும். அவ்வாறு நோக்கின், டெக்ஸாஸ் ராஜ்யத்துக் குடியானவர்கள் 1887-ஆம் ஆண்டில் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் இழந்துவிட்ட ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் நம் கண்ணில் படுகிறது. அது ஏன் பிறந்தது, எவ்வாறு மடிந்தது என்னும் வரலாறு, வெற்றி பெற்ற பல சங்கங்களின் வரலாற்றைக் காட்டிலும் நமக்குப் பயனுடையது என்பது நம் கருத்து.

முதலில் பஞ்சின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் நன்கு விளையக்கூடிய பருத்தி குட்டை இழைப் பருத்தி. அதன் பஞ்சு கொட்டையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும். இரு உருளைகளுக்கிடையே பருத்தியைச் செலுத்திக் கொட்டை நீக்கும் பழைய கருவி அதற்குப் பயன்படவில்லை. கையால் பிரித்தெடுத்தால் ஒருவர் நாள் முழுவதும் உழைத்தும் ஒரு ராத்தல் பஞ்சு தேறுவது அரிது. 1793-இல் எலி விட்னி என்பவர் பற்கள் பொருத்திய உருளையால் பஞ்சை இழுத்தெடுக்கும் யந்திரத்தை அமைத்தார். உழைப்பைக் குறைக்க வந்த அந்த யந்திரம் உழைப்பாளிகளின் விலங்கை இறுக்கிற்று. கொட்டை நீக்குவது எளிதானவுடன் பருத்தி பயிரிடுவது பெரும் லாபமாயிற்று. லாபம் பெருகவே நிலமும் அடிமைகளும் மேன்மேலும் வேண்டப்பட்டனர். 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் சற்றேறக்குறைய 40 லட்சமாயிற்று. ஒரு யந்திரம் நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று நம்மவர் அடிக்கடி கூறுவர். அக்கூற்றுக்கு இதைவிடக் கொடிய சான்று உலகில் உண்டோ என்று ஐயுறுகிறோம்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் தென் ராஜ்யங்களின் துறைமுகங்கள் அடைபட்டன. அமெரிக்கப் பஞ்சு வரவில்லை; இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் நின்றன; ஆலைத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். அப்பொழுது இந்தியப் பஞ்சுக்கு என்றும் காணாத விலை ஏறிற்று. பம்பாய் வர்த்தகர்கள் முதல் நம் திருநெல்வேலிக் கரிசல் நிலத்துக் குடியானவர் வரை அவ்விலையின் சூட்டை உணர்ந்தனர். யுத்தம் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பல பெரும் வீடுகள் திவாலாயின. உலகின் ஒரு மூலையில் ஒலித்த பீரங்கி மற்றொரு மூலையில் களத்து விலையை ஆட்டிவைத்ததை இன்றைய விவசாயி வியப்பாகக் கொள்ளமாட்டார். இன்னொரு தொடர்பும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஜில்லாக்களுக்கு வந்து பரவிய கம்போடியா பருத்தி, பெயரில் கம்போடியாவாயினும் இனத்தால் அமெரிக்கப் பருத்தியே. ஆகவே நாம் சொல்லப்போகும் கதை முற்றிலும் அந்நியருடையதன்று.

யுத்தத்தின் முடிவில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. 1865 ஜனவரியில் ஷெர்மன் என்ற தளபதி, கடற்கரைப் பகுதியில் கைப்பற்றப்பட்ட நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் அவர்களுக்குப் பகிர்ந்தளிக்க உத்தரவிட்டார். லிங்கன் கொலையுண்ட பின் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்ஸன் அவ்வாண்டிலேயே அந்நிலங்களைப் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிவிட்டார். கையில் ஏரும் இல்லை, நிலமும் இல்லை. சுதந்திரம் மட்டும் இருந்தது. எனவே கறுப்பர்கள் பழைய பண்ணைகளிலேயே வாரத்துக்கு உழலாயினர். நாளடைவில் யுத்தத்தால் நொடித்துப்போன வெள்ளைச் சிறு விவசாயிகளும் அதே நிலைக்கு இறங்கினர்.

கடைக்காரரும் அவர் ஏடும்

இவர்களை வாட்டிய முறைக்கு விளைச்சல் அடமானம் என்று பெயர். அதனைச் சிறிது விரிவாகக் காண்போம். ஏனெனில் முறை விளங்கினால்தான் அதை எதிர்த்து எழுந்த சங்கத்தின் நோக்கம் விளங்கும்.

வசந்த காலத்தில் விவசாயி ஊர்க் கடைக்காரரிடம் செல்வான். விதை, கலப்பை, உரம், சோளமாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, துணி ஆகிய அனைத்தும் கடனுக்கு வேண்டும். ஈடாக, இன்னும் விதைக்காத விளைச்சலை அவன் எழுதிக் கொடுப்பான். கடைக்காரர் ரொக்கம் தரமாட்டார், சாமான் தருவார். ஒவ்வொரு சாமானுக்கும் கடையில் இரண்டு விலை உண்டு. ஒன்று ரொக்க விலை. மற்றொன்று கடன் விலை. கடன் விலையின் மேல் வட்டியும் ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 25 முதல் 50 வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். எழுத்தறியாதவன் ஏட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதை அறியான். அறிந்தவனும் கேட்கத் துணியான். ஒரு முறை எழுதிக் கொடுத்தபின் வேறு கடைக்குப் போக வழியில்லை. அடகில் உள்ள விளைச்சலுக்கு வேறு எவர் கடன் தருவார்?

இலையுதிர் காலத்தில் பருத்தி எடுத்து, அரைத்து, பொதி கட்டி, எடை போட்டுக் கணக்குத் தீர்ப்பார்கள். பெரும்பாலும் பொதிகளின் விலை ஏட்டுத் தொகைக்குப் போதாது. மீதி அடுத்த ஆண்டுக் கணக்கில் முதல் வரியாக ஏறும். அடுத்த ஆண்டு விளைச்சலும் எழுதப்படும். இவ்வாறு பத்து, பதினைந்து ஆண்டுகள் பொதியை எடுத்துச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர் எண்ணற்றோர். வெள்ளை விவசாயிகள் கடைக்காரரைச் ‘சாமான் தருபவர்’ என்பர். கறுப்பர்கள் வெறுமனே ‘அந்த ஆள்’ என்பர். பெயர் சொல்லவும் தேவையில்லாத அளவுக்கு அவர் ஊரின் மீது நிறைந்திருந்தார். நூல் தருபவரே துணிக்கும் விலை கூறும் முறையில் தறி போட்டவர்களுக்கு இதை மேலும் விளக்குவது மிகை.

இம்முறையில் மறைந்திருந்த மற்றொரு தீமையையும் கவனிக்க வேண்டும். கடைக்காரர் பருத்திக்கே கடன் தருவார்; சோளத்துக்குத் தரமாட்டார். பருத்தி கெடாது, திருடித் தின்ன இயலாது, எப்பொழுதும் விலைபோகும். எனவே விவசாயி வீட்டு வாசற்படி வரை பருத்தியே பயிரிட்டான். தான் உண்ணும் மாவையும் அதே கடையில் கடன் விலைக்கு வாங்கினான். எல்லோரும் பருத்தியே பயிரிட்டமையால் விளைச்சல் பெருகி விலை வீழ்ந்தது. கடன் தீர வேண்டி எல்லோரும் ஒரே மாதத்தில் விற்றமையால் மேலும் வீழ்ந்தது. போதாக்குறைக்கு அரசாங்கம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு நாணயப் புழக்கத்தை இறுக்கிற்று. 1870-களின் நடுவில் ராத்தலுக்கு 10 சென்டுக்கு மேல் விற்ற பஞ்சு 1894-இல் 5 சென்டுக்கும் கீழே சென்றது. கடன் மட்டும் கீழே செல்லவில்லை.

கடைக்காரரை மட்டும் கொடியவராகச் சித்திரித்து விடுவது எளிது. அவர்களிற் பலர் கொடியவரே. ஆனால் அவர்களும் மொத்த வியாபாரிகளிடம் அதிக வட்டிக்கு வாங்கியவர்கள். யுத்தத்தில் தென்னாட்டு பாங்கிகள் அழிந்தன. யுத்த காலத்தில் இயற்றப்பட்ட தேசிய பாங்கிச் சட்டமோ சிற்றூரில் திரட்ட இயலாத மூலதனத்தை வற்புறுத்தியது. நிலத்தின் பேரில் கடன் தருவதையும் தடுத்தது. பாங்கி இல்லாத ஊரில் கடைக்காரரே பாங்கி ஆனார். ஆகவே நாணய வசதிக்கு வேறு வழி காணாமல் கடைக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை என்பதைச் சில குடியானவர்கள் உணரத் தொடங்கினர்.

ரொக்க விதி யாருக்குப் பயன்பட்டது?

முதலில் வந்த ஸ்தாபனம் கிரேஞ்ச். 1867-இல் ஆலிவர் கெல்லி என்பவர் முதலானோர் இதனை நிறுவினர். 1875-இல் இதன் அங்கத்தினர் தொகை எட்டு லட்சத்தைக் கடந்தது. ராச்டேல் நகரத்தில் 1844-இல் நெசவாளர் உள்ளிட்ட இருபத்தெண்மர் தொடங்கிய பண்டகசாலையின் விதிகளை நம்மில் அறியாதார் இலர். அவ்விதிகளையே கிரேஞ்சும் தன் கடைகளுக்கு எடுத்துக்கொண்டது. கடைத்தெரு விலைக்கே விற்பது, ஆண்டிறுதியில் வாங்கியதற்கு ஏற்ப லாபத்தைப் பகிர்வது, எல்லாவற்றிற்கும் மேலாக ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியுள்ளது. ரொக்க விதி சிறந்த விதி. கடன் நிலுவையால் மடிந்த பண்டகசாலைகள் நம் நாட்டிலும் உண்டு. ஆனால் ராச்டேல் தொழிலாளிக்கு வாரக் கூலி வந்தது. கூலி குறைவாயினும் அது ரொக்கம். டெக்ஸாஸ் பருத்தி விவசாயியின் கையில் ஆண்டு முழுவதும் ஒரு டாலர் ரொக்கம் புரள்வது அரிது. கடன் விலைக்கொடுமையால் துடித்தவன் கூட்டுறவுக் கடைக்கு வந்தால் ரொக்கம் கொண்டு வா என்று சொல்லப்பட்டான். எனவே கிரேஞ்சுக் கடை ஓரளவு வசதியுள்ளவர்க்கே பயன்பட்டது. யாருக்காகக் கடை வேண்டுமோ அவன் ‘அந்த ஆளிடமே’ திரும்பிப் போனான். ஒரு தேசத்தில் வெற்றி கண்ட விதியை மற்றொரு தேசத்தில் அப்படியே நடும்போது, முதல் தேசத்தில் யார் கையில் எவ்வளவு காசு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டல்லாஸ் நகரத்துப் பண்டக மன்றம்

1877-இல் டெக்ஸாஸில் லாம்பாஸஸ் என்னும் ஜில்லாவில் சில குடியானவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். பின்னாளில் அது விவசாயிகள் கூட்டணி என்ற பெயரில் தென்னாடெங்கும் பரவிற்று. ஊர் ஊராகச் சென்று பேசும் பிரசாரகர்களை அது அமர்த்தியது. அவர்கள் மேடைப் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. கணக்குப் பார்ப்பது எப்படி, பஞ்சின் தரம் அறிவது எப்படி, பொதிகளை ஒன்று சேர்த்து விற்பது எப்படி என்று கற்பித்தனர். தனித்தனியே பத்துப் பொதி கொண்டு சென்றவர்க்குக் கிடைக்காத விலை, நூற்றுக்கணக்கில் ஒரே களத்தில் அடுக்கி வாங்குவோரை வரவழைத்தபோது கிடைத்தது.

1887-இல் சார்லஸ் மக்யூன் என்பவரின் தலைமையில் ராஜ்யம் முழுமைக்குமான பண்டக மன்றம் ஒன்று டல்லாஸ் நகரில் தொடங்கப்பட்டது. அங்கத்தினர்கள் ஒவ்வொரு பொதியிலிருந்தும் மாதிரி எடுத்து எண் இட்டு டல்லாஸுக்கு அனுப்புவர். அங்கே மாதிரிகளைக் கண்டு, தொலைவிலுள்ள ஆலைகளுக்காக வாங்குவோர் விலை கூறுவர். பல ரயில் நிலையங்களில் சிதறிக் கிடக்கும் பொதிகள் ஒரே விற்பனையாக முடியும். இடைத்தரகர் பலர் இதனால் ஒழிந்தனர். கலப்பை, வண்டி முதலியனவும் மொத்தமாக வாங்கப்பட்டுக் குறைந்த விலைக்குக் கிடைத்தன.

ஆனால் முன் சொன்ன இடர்ப்பாடு இங்கும் எதிர்ப்பட்டது. விளைச்சலை முன்னரே கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்தவன் தன் பொதியை மன்றத்துக்கு எவ்வாறு கொண்டு வருவான்? மக்யூன் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் அங்கத்தினர்கள் தத்தம் ஆண்டுத் தேவைகளை எழுதித் தருவர். தம் நிலம், கால்நடை, எதிர்பார்க்கும் விளைச்சல் ஆகியவற்றையும் எழுதுவர். பின்னர் அனைவரும் சேர்ந்து ஒரே கூட்டுப் புரோநோட்டில் கையொப்பமிடுவர். நிலம் உள்ளவன் நிலமில்லாதவனுக்கு ஜாமீன் ஆகிறான். அந்தக் கூட்டுப் பத்திரங்களை மன்றம் பாங்கிகளில் ஈடு வைத்துப் பணம் பெற்று, சாமான்களை மொத்தமாக வாங்கி, நியாய விலையில் அனுப்பும். அறுவடையில் பொதிகள் வந்து கடன் தீரும். ரொக்கமில்லாதவனும் பண்டகசாலையின் பயனை அடைய இது வழிசெய்தது. கூட்டுறவின் சாரம் ரொக்க விதியைக் காட்டிலும் இந்தக் கூட்டுக் கையொப்பத்தில் இருந்தது என்போம். கரடுமுரடான கைகளால் கையொப்பமிட்டு, தம் அண்டை வீட்டானின் கடனுக்குத் தம் நிலத்தைப் பணயம் வைத்தனர்.

1888 வசந்தத்தில் மக்யூன் அப்பத்திரங்களை எடுத்துக்கொண்டு பாங்கிகளின் வாயில் ஏறினார். டல்லாஸ், ஹூஸ்டன், கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய நகரங்களில் பெரும்பாலான பாங்கிகள் மறுத்துவிட்டன. பத்திரத்தின் பின்னால் நிலமும் பயிரும் இருந்தன. அப்படியிருந்தும் பாங்கிகள் தம் பழைய வாடிக்கைக்காரர்களான மொத்த வியாபாரிகளையும் கடைக்காரர்களையும் விட்டு, அவர்களுக்குப் போட்டியாக எழுந்த ஒரு ஸ்தாபனத்துக்குப் பணம் தர விரும்பவில்லை என்பதே அங்கத்தினர்களின் கருத்து. அதில் பெரும்பகுதி உண்மை உண்டு.

செய்தி ஊர்களுக்கு எட்டியது. மன்றத்தைக் காக்க ஜூன் 9-ஆம் நாள் ஒவ்வொரு ஜில்லாவின் நீதிமன்ற வாயிலிலும் கூடும்படி அறிவிப்பு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஜில்லாக்களில் குடியானவர்கள் வேலையை விட்டு, வண்டிகளிலும் நடையாகவும் வந்து கூடினர். தம் மன்றத்துக்கு இத்தனை டாலர் தருகிறோம் என்று அவர்கள் வாக்களித்தனர். வரவேண்டிய கடன் உள்ளவன் வாக்களிப்பதே இயல்பு. இவர்கள் தரவேண்டிய கடன் உள்ளவர்கள். மன்றம் அவ்வாண்டு பிழைத்தது. அறுவடைக்குப் பின் திரும்பி வந்த பணத்தைக் கொண்டு சாமான் அனுப்பியவர்களின் பாக்கியைத் தீர்த்தது. ஆனால் கைமுதல் இல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. 1889-இல் அதன் கதவு மூடப்பட்டது.

பாங்கிகளைக் குறை கூறியபின், உள்ளே நடந்ததையும் சொல்வது கடமையாகும். ஓர் அங்கத்தினர்க்கு 2 டாலர் வீதம் பங்குத் தொகை தீர்மானிக்கப்பட்டது. அது முழுவதும் வசூலாகியிருந்தால் பெரும் முதல் சேர்ந்திருக்கும். வந்தது அதில் சிறு பகுதியே. முதல் சேருமுன் பெரிய செங்கல் கட்டடம் எழும்பிற்று. பாங்கியின் பதில் வருமுன் சாமான்களுக்கு உத்தரவு போயிற்று. நல்ல நாளில் 2 டாலர் பங்கைச் செலுத்தாதவர்களும், ஆபத்து வந்த நாளில் நீதிமன்ற வாயிலில் நின்று கைதூக்கியிருக்கக் கூடும். ஜூன் மாதத்து உற்சாகம் முந்திய அக்டோபரில் வந்திருந்தால் பாங்கிகளிடம் பத்திரத்தோடு கைமுதலையும் காட்டியிருக்கலாம். நம் சங்கங்களில் பங்குத் தொகை நிலுவைப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எமக்கு டல்லாஸ் நினைவு வருவதுண்டு.

சணலைத் தோற்கடித்த பருத்தித் துணி

அதே 1888-இல் நெசவாளர்களுக்கு மகிழ்ச்சி தரத்தக்க ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. பஞ்சுப் பொதிகளைச் சுற்றச் சணல் துணி வழங்கி வந்தது. சணல் நம் வங்காளத்தில் விளைவது. அத்துணியை விற்பவர்கள் ஒன்றுகூடி, அறுவடைக்குச் சிறிது முன்பாகக் கஜம் 7 சென்டாக இருந்த விலையைச் சுமார் இரு மடங்கு வரை ஏற்றினர். விவசாயிக்கு வேறு வழியில்லை என்பது அவர்கள் எண்ணம். கூட்டணியார் சணலை வாங்குவதில்லை என்று தீர்மானித்தனர். பருத்தியையே முரட்டுத் துணியாக நெய்வித்துத் தம் பொதிகளைச் சுற்றினர். அட்லாண்டா நகரப் பொருட்காட்சியில் கூட்டணி நாளன்று இரு ஜோடிகளுக்குத் திருமணம் நடந்தது; மணமக்கள் நால்வரும் அந்தப் பொதித் துணியிலேயே ஆடை அணிந்து வந்தனர். கதர் உடுத்து மணவறை ஏறிய நம் தேசபக்தர்களுக்கு முந்தியவர்கள் இவர்கள்!

இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பொதியின் மொத்த எடையில் சுற்றுத் துணிக்கென்று ஒரு தொகையை வாங்குவோர் கழிப்பது வழக்கம். அக்கழிவு கனமான சணலை அளவாகக் கொண்டது. பருத்தித் துணியோ இலேசானது. எனவே பருத்தித் துணி சுற்றியவன் தன் நல்ல பஞ்சிலேயே சில ராத்தலை இழந்தான். எடைக்கழிவைத் திருத்துமாறு சந்தைகளோடு மன்றாட வேண்டியிருந்தது. இவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் ஒற்றுமை குலையவில்லை. இரண்டு பருவங்களுக்குள் சணல் வியாபாரிகள் விலையை இறக்கினர். பாங்கிகளிடம் தோற்றவர்கள் சணலிடம் வென்றது ஏன் என்று கேட்டால், இங்கே வேண்டிய மூலப்பொருள் அவர்கள் வயலிலேயே இருந்தது. பணம் அங்ஙனம் வயலில் விளைவதில்லை.

கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்

இதுவரை கூறியதைப் படித்து அவ்விவசாயிகளின் மீது அன்பு கொண்டவர்க்கு இனிக் கூறுவது கசப்பாக இருக்கும். விவசாயிகள் கூட்டணியில் வெள்ளையர்க்கு மட்டுமே இடம். அதே கடைக்காரரிடம் அதே விளைச்சலை அடகு வைத்த கறுப்பு விவசாயி உள்ளே வரலாகாது. 1886-இல் டெக்ஸாஸிலேயே கறுப்பர்கள் தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டனர். அது பல ராஜ்யங்களில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்தது.

1889-இல் மிஸிஸிப்பி ராஜ்யத்து லெப்ளோர் ஜில்லாவில் கறுப்பர்கள் தம் ஊர்க் கடைக்காரர்களை விட்டு, டியூரண்ட் என்னும் ஊரிலிருந்த கூட்டணிக் கடையில் வாங்கத் தொடங்கினர். நம் கண்ணுக்கு இது சாதாரணக் காரியம். அங்கே இது கலகமாகக் கருதப்பட்டது. ஆயுதம் தாங்கிய வெள்ளையர் திரண்டு பலரைக் கொன்றனர். பின்னர் கறுப்பர் சங்கத்தாருக்குச் சாமான் விற்கக் கூடாதென்று அக்கடைக்கும் எச்சரிக்கை சென்றது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கறுப்பர்கள் பருத்தி எடுக்கும் கூலியாக நூறு ராத்தலுக்கு 1 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய முனைந்தனர். அப்பொழுது வெள்ளையர் கூட்டணியின் தலைவரான லியோனிடாஸ் போல்க், 50 சென்டுக்கு மேல் கொடுப்பதைவிடப் பருத்தியை வயலிலேயே விட்டுவிடுங்கள் என்று தம் அங்கத்தினர்களுக்கு யோசனை கூறினார். அர்க்கன்ஸாஸில் லீ ஜில்லாவில் அவ்வேலைநிறுத்தம் ரத்தத்தில் அடக்கப்பட்டது. பாங்கிக்காரன் தன்னிடம் காட்டிய முகத்தையே கடனாளி தன் கூலியாளிடம் காட்டினான்.

ஜார்ஜியாவின் டாம் வாட்ஸன் என்பவர் இவ்விரு கூட்டத்தாரும் ஒன்றுபட வேண்டுமென்று 1892-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேடைதோறும் முழங்கினார். இருவரையும் தனித்தனியே கொள்ளையிடுவதற்காகவே பகை மூட்டப்படுகிறது என்றார். தோல்விகளுக்குப் பின் அவரே கொடிய நிறவெறி பேசுபவராக மாறினார். அக்காலத்தில் தென் ராஜ்யங்கள் தேர்தல் வரியும் எழுத்தறிவுப் பரீட்சையும் விதித்துக் கறுப்பரின் வாக்கைப் பறித்தன. வரி கட்ட இயலாத ஏழை வெள்ளையர் பலரின் வாக்கும் அதோடு போயிற்று.

மன்றம் மூடப்பட்ட 1889-ஆம் ஆண்டின் இறுதியில் மக்யூன் ஒரு புதிய யோசனையை வெளியிட்டார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் விளைபொருள் விற்கும் ஒவ்வொரு ஜில்லாவிலும் அரசாங்கம் கிடங்கு கட்ட வேண்டும். விவசாயி அங்கே பொதியை இருப்பு வைத்துச் சந்தை விலையில் நூற்றுக்கு 80 வரை 1 சதவீத வட்டிக்குக் கடன் பெற வேண்டும். ஓராண்டுக்குள் விலை கண்டு விற்றுக்கொள்ள வேண்டும். அறுவடை மாதத்தில் எல்லோரும் விற்று விலையைக் கெடுக்கும் நோய்க்கு இது மருந்து. அறிஞர்களும் பத்திரிகைகளும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நகைத்தனர். இரு பெரும் கட்சிகளும் ஏற்கவில்லை. விவசாயிகள் 1892-இல் தனிக் கட்சி கண்டு ஜனாதிபதி தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றனர். 1896-இல் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளரைத் தழுவித் தோற்றனர், இயக்கமும் கலைந்தது. அரசியலில் இறங்கியது பிழை என்று கூறுவோர் உண்டு. கடன் வழி அடைபட்டிருக்கையில் சட்டத்தின் கதவைத் தட்டாமல் அவர்களால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது எமக்குப் புலப்படவில்லை.

நகைக்கப்பட்ட யோசனைகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சட்டமாயின. 1916-இல் கிடங்குச் சட்டமும், விவசாயிகளின் நில அடமானக் கடன் சங்கங்களுக்கு வழிசெய்த சட்டமும் வந்தன. இரண்டாவதற்கு முன்னோடியாக 1913-இல் அமெரிக்கத் தூதுக் குழுவொன்று ஐரோப்பா சென்று ஜெர்மானிய ரைபைசன் சங்கங்களையும் நில அடமான பாங்கிகளையும் பார்த்து வந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ராஜதானியின் பிரெடரிக் நிக்கல்ஸன் அதே சங்கங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் முதற்பகுதி வெளிவந்துவிட்டது என்பதில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம். 1922-இல் விவசாயிகள் சேர்ந்து விற்பது ஏகபோகக் குற்றமாகாதென்று சட்டம் உறுதி செய்தது. 1933-இல் பஞ்சின் பேரில் ராத்தலுக்கு 10 சென்டு வீதம் அரசாங்கமே கடன் தந்தது. அவ்வாண்டே கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்று தனி பாங்கிகள் ஏற்பட்டன. விவசாயக் கடன் அமைப்புக்கு அரசாங்கம் இட்ட முதல் முழுவதையும் விவசாயிகள் 1968-க்குள் திருப்பிச் செலுத்திவிட்டனர். மக்யூன் அலைந்து திரிந்த பாங்கிகளின் வாயிலில் அவர்களுடைய பேரர்கள் நிற்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. 1935-இல் பத்தில் ஒரு பண்ணைக்கே மின்விளக்கு இருந்தது. லாபமில்லை என்று கம்பெனிகள் ஒதுக்கிய ஊர்களுக்கு, அரசாங்கக் கடனைப் பெற்ற கூட்டுறவுச் சங்கங்கள் கம்பி இழுத்தன. 1950-களின் நடுவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளில் விளக்கு எரிந்தது.

ஆயினும் கதவுக்கு வெளியே நின்றவர் கணக்கு வேறாக இருந்தது. 1933-இல் விலையை உயர்த்த வேண்டிச் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது மடக்கப்பட்டது. அதற்குரிய நஷ்டஈட்டை நிலச்சொந்தக்காரர்கள் பெற்றனர். வாரதாரர் பலர் பங்கு பெறாததோடு குடிசையையும் இழந்தனர். 1934-இல் அர்க்கன்ஸாஸில் டைரோன்ஸா என்னும் சிற்றூரில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து குத்தகைதாரர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்கு முன் செய்யத் துணியாததை அவர்கள் செய்தனர். அடியும் சிறையும் அவர்களுக்குக் கிடைத்தன. 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பு விவசாயிகள் இருந்தனர். இன்று ஐம்பதினாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் நிலத்தைக் கைவிடாதிருக்கப் போராடியவர்களுக்காக 1967-இல் தென்னகக் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மேளனம் அமைந்தது. சேர்ந்து வாங்குவது, சேர்ந்து விற்பது, அங்கத்தினர்க்குக் கடன் வசதி தேடித் தருவது ஆகியவற்றோடு, பரம்பரை நிலம் பத்திரக் குறைவால் கைமாறிப் போகாமல் காப்பதையும் அது தன் வேலையாக இன்றும் செய்து வருகிறது.